நூற்று முப்பத்து நான்கு பேரும் ஒரு மடியும்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. குமாரபாளையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே நல்லம்மாள் அத்தை தன் அண்ணன் மகன் கௌதமனிடம் ஒரு கேள்வி கேட்டார். அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை மறந்துவிடலாம், அல்லது கதையாக எழுதலாம். மறந்து பார்த்தேன். முடியவில்லை.

கேள்வி இதுதான்:

“அந்தக் குரூப்பு மடியிலயாடா புள்ளைய உக்கார வெச்சுக் காது குத்துவ?”

தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் இன்னொரு படியும் உண்டு. அந்த மாமனின் வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டி, வந்து நடத்திக் கொடுங்கள் என்று வாயால் கேட்க வேண்டும். இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர் என்றாலும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மாமன் வரமாட்டார். கோபித்துக்கொண்டு அல்ல. கேட்காத இடத்துக்குப் போய் உட்கார்ந்தால் அந்த மடிக்கு மதிப்பு இல்லை.

கௌதமன் கேட்கவில்லை. குரூப்பில் போட்டான்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று. வீசியெறிந்ததை ஒளித்துவைப்பானேன்?

முதல் தொடக்கம்: “இணையக் குழுக்கள் மனித உறவுகளில் ஏற்படுத்திவரும் மாற்றங்கள் பலதரப்பட்டவை. ஒருபுறம் அவை…” [மறுபுறம் என்று எழுதக் கை போனதும் நிறுத்திவிட்டேன். இதை முடித்தால் கல்லூரி ஆண்டு மலருக்குத்தான் அனுப்ப வேண்டும்.]

இரண்டாவது: “வானம் கறுத்து…” [மாசி மாதம். வானம் வெளுத்துத்தான் கிடந்தது.]

மூன்றாவது: “தனபால் ஆதிலாபாத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தன் மடிக்கு வேலை வந்திருப்பது அவனுக்குத் தெரியாது.”

இது மோசமில்லை. ஆனால் நான் ஆதிலாபாத் போனதில்லை. தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. கௌதமனை எனக்குத் தெரியும். வயது முப்பத்தொன்று. லுங்கிக்கும் துண்டுக்கும் கணினியில் டிசைன் போடுகிற வேலை. அதிகம் பேசமாட்டான். எழுதுகிறவனுக்கு அது வசதி, உரையாடல் மிச்சம்.

3

ஆக, வெள்ளிக்கிழமை காலை. அடுத்த ஞாயிறு அல்ல, இந்த ஞாயிறு காதுகுத்து. பூலாம்பட்டி பக்கம் காவிரிக் கரையில் குலதெய்வக் கோயில். காலை ஏழரை முதல் ஒன்பது வரை நேரம் குறித்தாகிவிட்டது. குழந்தையின் பெயர் இனியா. மூன்று வயது. அப்போது அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஒரு செருப்புக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“தாய்மாமனுக்கு வெத்தல பாக்கு வெச்சாச்சா?” என்றார் அத்தை.

“குரூப்ல போட்டுட்டேன் அத்தை.”

“என்னத்தப் போட்ட?”

“பத்திரிகைய. எல்லாரும் பாத்துட்டாங்க. அறுவத்தொரு பேரு கட்டை வெரல் காட்டியிருக்காங்க.”

அத்தை துணியை வைத்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் மேலே சொன்ன கேள்வி வந்தது.*

“தனபாலு அதுல வெரல் காட்டுனானா?”

கௌதமன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அறுபத்தொரு பெயர்களையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு உறுப்பினர் பட்டியலைப் பார்த்தான். நூற்று முப்பத்து நான்கு பேர். த வரிசையில் தமயந்தி அக்கா இருந்தார். அதற்கடுத்து தினேஷ்.

“இல்ல அத்தை.”

“என்ன இல்ல? வெரல் இல்லயா?”

“ஆளே இல்ல.”

* அத்தை நிஜமாகவே இவ்வளவு கூர்மையாகப் பேசுவாரா என்று ஒரு நண்பர் கேட்டார். பேசுவார். நான் இரண்டை நீக்கியிருக்கிறேன்.

4

குரூப்பின் பெயர் ‘நம்ம சொந்தம்’. பெங்களூரில் இருக்கும் ஒரு தம்பிமுறை ஆரம்பித்தது. காலையில் பூப்படம், மதியம் மருந்து யோசனை, மாலையில் யாருக்காவது பிறந்தநாள். இதைக் கேலி செய்வது எளிது. நானும் ஒரு பக்கம் கேலி செய்து எழுதிவைத்திருந்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கௌதமனின் மனைவி நர்மதா இறந்த அன்று அந்தக் குரூப்பில்தான் செய்தி போனது. மூன்று மணி நேரத்தில் எண்பது பேர் வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப்பேரின் எண் கௌதமனிடம் கிடையாது. கேலிப் பக்கத்தைக் கிழித்தேன்.

தனபால் நர்மதாவின் அண்ணன். லாரி டிரைவர். வீடு நாமக்கல்லில், ஆள் நெடுஞ்சாலையில்.

அவன் எப்போது போனான் என்று கௌதமன் மேலே தள்ளிக்கொண்டே போனான். பதினான்கு மாதம் தள்ள வேண்டியிருந்தது. கட்டைவிரல் வலித்தது. கடைசியில் கிடைத்தது. நர்மதாவின் முதல் வருஷ திதி நாள். காலை ஆறு மணிக்குத் தனபால் ஒரு படம் போட்டிருந்தான்: நர்மதா பள்ளிச் சீருடையில், ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய எவர்சில்வர் குடத்தோடு. கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒரு நிமிடத்தில் அதற்குக் கீழே ஒரு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம். அடுத்து சேலை தள்ளுபடி. அடுத்து யாரோ ஒரு பையனுக்குப் பிறந்தநாள். நாற்பத்து மூன்று கேக்குகள். குடத்தோடு நின்ற பெண்ணுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. படம் மேலே போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆறு நாற்பதுக்கு: தனபால் வெளியேறினார்.

கூடத்தை விட்டு ஒருவர் எழுந்துபோனால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருவராவது வாசல் வரை போய்க் கையைப் பிடிப்பார். இங்கே ஒரு சாம்பல் நிற வரி. அதையும் நாற்பத்து நான்காவது கேக் வந்து தள்ளிவிட்டது.

கௌதமனும் பார்க்கவில்லை. அந்தக் குரூப்பை அவன் சத்தமின்றி வைத்திருந்தான். எட்டு மணி நேரத்துக்கா, ஒரு வாரத்துக்கா, எப்போதைக்குமா என்று கைப்பேசி கேட்டபோது மூன்றாவதைத் தேர்ந்திருந்தான்.

இத்தனைக்கும் பத்திரிகையில் “தாய்மாமன்: தனபால்” என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. அழைப்புதான் போகவில்லை.

5

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் எழுதினேன் என்பதால் விட்டுவைக்கிறேன்.]

ஒரு வரைவில் நர்மதாவை உயிரோடு வைத்திருந்தேன். அந்த வரைவு முழுவதும் இதோ:

நர்மதா தன் அண்ணனுக்குப் போன் போட்டு, “ஞாயித்துக்கெழமெ வந்து சேரு, வராட்டி உன்ற மூஞ்சில முழிக்கமாட்டேன்” என்றாள். அவன் வந்தான். காது குத்தினார்கள்.

அவ்வளவுதான். மூன்று வரி. அவள் இருந்தால் கதையே இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அவள்தான் போன் கம்பியாக இருந்திருக்கிறாள். அவள் போனபின் இரண்டு ஆண்கள், தங்கை இழந்தவன் ஒருவன், மனைவி இழந்தவன் ஒருவன், ஆளுக்கொரு முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்முனைக்காரன் பேசட்டும் என்று…

[நிறுத்திக்கொள்கிறேன். மகிழ்ச்சியான கதை என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன்.]

6

பதினோரு மணிக்குக் கௌதமன் நாமக்கல்லில் தனபால் வீட்டு வாசலில் நின்றான். ஒரு கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், இரண்டு தேங்காய். திருச்செங்கோடு வழியாக பைக்கில் வந்ததில் தேங்காய் ஒன்று வண்டிப் பையைக் கிழித்திருந்தது. கதவைத் திறந்தவள் ஜெயப்பிரியா, தனபாலின் மனைவி.

“வாங்கண்ணா,” என்றாள். இரண்டு வருடம் வராதவனை நேற்று வந்துபோனவனைப் போலக் கூப்பிட்டாள். இது அவள் குணமா, தண்டனையா என்று கௌதமனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

பத்திரிகையை வாங்கிப் படித்தாள்.

“பேரு நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கீங்க. பேருக்குச் சொந்தக்காரருக்குத்தான் சொல்லல.”

“குரூப்ல…”

“எனக்குத் தெரியாதுங்ணா, என்னைய அதுல யாரும் சேக்கவே இல்ல. நாத்தனா சேக்கறேன்னு சொன்னாங்க. அதுக்குள்ள…”

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

கௌதமன் தட்டை நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இத நான் வாங்கப்படாதுங்ணா. அவருதான் வாங்கோணும். அதான மொறை.”

“மச்சான் எங்க இருக்காரு?”

“ஆதிலாபாத்து. நாக்பூருக்கு மிஷின் லோடு.”

“ஞாயித்துக்கெழமைக்கு வர முடியாது.”

“அத நீங்களே எப்புடிங்ணா முடிவு பண்றீங்க? முதல்ல ஆளக் கூப்பிடுங்க. வாரதும் வராததும் அவரு பாடு.” பிறகு கொஞ்சம் இறங்கி, “தோடு செஞ்சு வெச்சிருக்காருங்ணா. பாப்பா பொறந்த மாசமே. பீரோல கெடக்குது,” என்றாள்.

தனபால் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். ஜெயப்பிரியா கவலைப்படவில்லை. “போனுக்கு வரமாட்டாரு. வண்டி எங்கவுக்கு வருவாரு,” என்றாள்.

7

‘வண்டி எங்க’ என்பதும் ஒரு குரூப். எண்ணூற்றுச் சொச்சம் லாரி டிரைவர்கள், சில டிரைவர்களின் மனைவிகள். நடத்துகிறவர் சாயிரா பானு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். அதனால் அவர் வயது, சேலை நிறம், மூக்குத்தி எதையும் எழுதவில்லை. எண்ணூறு பேரில் ஏழெட்டுப் பேர்கூட அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் அவருக்குப் பயப்படுவார்கள்.

அந்தக் குரூப்புக்கு ஒரே விதி. எந்த இடத்தில் இருக்கிறாய், வண்டியில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறாய். வேறு பேச்சு இல்லை. பூப்படம் போட்டால் ஒரு வாரம் வெளியே.

ஜெயப்பிரியா கௌதமனைச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள். அவன் முறைப்படி எழுதினான்: “அனைவருக்கும் வணக்கம். நான் தனபால் அவர்களின் மைத்துனர்.”

உடனே ஒரு குரல் பதிவு வந்தது. சாயிரா பானு.

“வணக்கமெல்லாம் இருக்கட்டும்ங்க. வண்டி எங்க?”

கௌதமனிடம் வண்டி இல்லை. அதைத்தான் எழுதினான். பிறகு, எண்ணூறு அந்நியர்களுக்கு நடுவில் என்பதாலோ என்னவோ, நடந்ததை முழுவதும் எழுதினான். பத்திரிகை, குடம், சாம்பல் நிற வரி எல்லாம். இரண்டு வருடத்தில் அவன் எழுதியதிலேயே நீளமானது அதுதான்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாதவர்களிடம் ஏன் சொல்ல முடிகிறது? [இங்கே ஒரு பத்தி இருந்தது. ‘ஒருபுறம்’ என்று தொடங்கியது.]

 பிறகு சாயிரா பானு.

“ஆதிலாபாத் பக்கம் யாரு?”

“நானுங்க அக்கா. பெரியசாமி. ஆரஞ்சு லோடு, நாக்பூரு டு ஐதராபாத். ஆதிலாபாத்து டோல்கிட்ட டீ குடிக்கறேன்.”

“தனபால் வண்டி தெரியுதா?”

“எதுத்தாப்புல நிக்குதுங்க. ஆளு டயரத் தட்டிப் பாத்துக்கிட்டிருக்காரு.”

“பெட்டிக்கடையில வெத்தலை பாக்கு வாங்கு. ஒரு தட்டு தேடு. வீடியோ போடு.”

பெரியசாமி வாங்கப் போனான். அங்கே ஒரு சிக்கல். ஆதிலாபாத் கடைக்காரர் வெற்றிலை என்றதும் சுண்ணாம்பு தடவி, குல்கந்து வைத்து, மடித்துக் கிராம்பு குத்திப் பீடாவாகக் கொடுத்துவிட்டார். மாமனைப் பீடா வைத்து அழைத்ததாக எங்கள் பக்கத்தில் வரலாறு இல்லை. பெரியசாமி சைகையிலேயே சண்டை போட்டு வெறும் வெற்றிலை ஐந்து வாங்கினான். தட்டுக்கு டிபன் தூக்கின் மூடி. அதில் வெற்றிலை, பாக்கு, லோடிலிருந்து இரண்டு ஆரஞ்சு.

வீடியோவில் தனபாலின் முகம் வந்தது. தாடி வளர்ந்திருந்தது. கௌதமனுக்கு நர்மதாவின் நெற்றி தெரிந்தது.

“மச்சான்.”

“சொல்லுங்க மாப்ள.”

  நாமக்கல்லில் ஜெயப்பிரியா கௌதமனை முழங்கையால் இடித்தாள். ஆதிலாபாத்தில் பெரியசாமி மூடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

“இனியாவுக்குக் காது குத்தறோம். ஞாயித்துக்கெழமெ ஏழரைக்கு. நீங்க வந்து மடியில உக்கார வெச்சு நடத்திக் குடுக்கோணும். ஊட்டுக்கு வந்து கேக்காதது தப்பு. குடத்துப் படத்த நான் பாக்கவே இல்ல மச்சான். அது அதவிடத் தப்பு.”

 தனபாலுக்குப் பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அந்தக் குடத்துலதான் இன்னும் எங்கூட்ல தண்ணி,” என்றான் பிறகு. மூடியை இரண்டு கையாலும் வாங்கினான். “வாரேன்.” வாங்கியபின்தான் யோசித்தான். “எப்புடி வாரது?”

8

எப்படி வருவது? முப்பது டன் லோடை நடுவழியில் விட்டுவிட்டு ஒரு டிரைவர் எங்கும் போக முடியாது. ரயில், விமானம் என்று சொல்ல வரும் வாசகரே, வண்டியை யார் ஓட்டுவது?

அதற்குச் சாயிரா பானு ஏற்கெனவே பதில் வைத்திருந்தார்.

“முபஷிர், உன் வண்டியில ரெண்டு டிரைவர்தான? பக்கத்துல நிர்மல் ஊர்ல இருக்க. பஸ் புடிச்சு ஆதிலாபாத் போ. தனபால் அண்ணன் ஸ்டியரிங்க நீ புடி. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“அக்கா, நாக்பூர்ல எனக்கு எடந் தெரியாதே.”

“நாக்பூருக்கு உன்னத் தெரியும். போ.”

வெள்ளி மாலை நான்கு மணிக்குத் தனபால் ஆரஞ்சு வண்டியில் ஏறினான். அதற்குப் பிறகு நடந்ததைக் கௌதமன் படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் கைப்பேசியில் பார்த்தான். அந்தக் குரூப்பின் சத்தத்தை அவன் அடைக்கவில்லை. ஒவ்வொரு முறை அது கூவும்போதும் இனியா ஓடிவந்து, “வண்டி எங்க?” என்றாள். ஒரு நாளில் அத்தையும் கேட்கத் தொடங்கினார்.

ஐதராபாத்தில் ஆரஞ்சு வண்டியிலிருந்து வெங்காய வண்டிக்கு மாறினான். பெரியசாமி சும்மா அனுப்பவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு பெட்டி ஆரஞ்சைத் தலையில் ஏற்றினான். இதைக் குரூப்பில் சொன்னதுதான் தவறு. வெங்காய வண்டிக்காரர் ரோஷக்காரர். கர்னூலில் ஒரு மூட்டை வெங்காயத்தைச் சீரில் சேர்த்தார். சிக்கபள்ளாப்பூரில் திராட்சை. ஓசூரில் ஒருவர் ரோஜாக் கட்டோடு சாலையில் நின்றார். யாரோ ஒருவர் லோடில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, நான்கு தரட்டுமா என்று கேட்டார்.

“நாற்காலி வேண்டாம்,” என்றார் சாயிரா பானு. “மடி போதும்.”

[வெங்காயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சீர்த்தட்டில் வெங்காயம் நம்பும்படியாக இல்லை. ஆனால் அன்று சாப்பிட்ட சாம்பாரில் இருந்தது அதுதான்.]

ஞாயிறு விடிகாலை தொப்பூர் கணவாயில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ ஒரு டிரைலர் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. இரண்டு கிலோமீட்டருக்கு லாரி வரிசை. ஐந்தே முக்கால் மணி. தனபால் இறங்கி நடக்கத் தொடங்கினான். சீரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. குரூப்பில் சாயிரா பானுவின் ஒரே வரி: “தொப்பூர்ல நிக்கறவங்க எறங்குங்க.”

இறங்கினார்கள். நம் ஆட்கள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஆரஞ்சும் திராட்சையும் ரோஜாவும் லாரிக்கு லாரி, கைக்குக் கை மாறி முன்னால் போயின. அரியானாக்காரர் ஒருவர் என்ன ஏது என்று தெரியாமல் வெங்காய மூட்டையைத் தோளில் வாங்கி, இருபது லாரி தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இது என்ன என்று அதற்குப் பிறகு கேட்டார். டிரைலருக்கு முன்னால் நின்ற சேலம் வண்டி ஒன்று மேட்டூர்ப் பக்கம் திரும்பத் தயாராக இருந்தது.

9

கோயிலுக்கு வருகிறேன்.

கௌதமன் நூற்றைம்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தான். அறுபத்தொரு கட்டைவிரல், குடும்பத்தோடு என்றால் அவ்வளவு வரும் என்று கணக்கு. எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து பேர்.

“கட்டை வெரலு காட்டுனவங்கள்லாம் எங்கடா?” என்றார் அத்தை.

“முகூர்த்த நாள் அத்தை. மூணு கல்யாணம் வேற இருக்குது.”

“வெரலத்தான் காட்டுனாங்க, காலக் காட்டலியே. விடு.”

பெங்களூர்த் தம்பி வந்திருந்தான். நல்ல பையன். உதவ நினைத்தான். எட்டே கால் ஆகியும் தனபால் வராததைப் பார்த்து, வீடியோவில் மாமாவை வரவழைத்து, மணைமேல் போனை வைத்து, பின்னால் யாராவது உட்கார்ந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டால் சம்பிரதாயமும் ஆயிற்று, நேரமும் தவறாது என்றான்.

அத்தை அவனைப் பார்த்தார். [நீக்கிய இரண்டு வாக்கியங்களில் ஒன்று இங்கேதான் இருந்தது.]

வாசகரே, இந்த இடத்தில் எனக்குச் சில முடிவுகள் கிடைத்தன. அ) தனபால் ஒன்பதுக்குப் பிறகு வருகிறான், நல்ல நேரம் போய்விடுகிறது, எல்லாரும் அழுகிறார்கள். இதை ஐந்து நிமிடத்தில் எழுதலாம், எனக்குப் பழக்கம். ஆ) கௌதமனே மடியில் வைத்துக்கொள்கிறான், காலம் மாறிவிட்டது என்று ஒரு வாக்கியம். கைதட்டல் வரும். ஆனால் ஆதிலாபாத்தில் வெற்றிலை வாங்கிய கையை அது அவமதிக்கும். இ) நான் எழுதவேண்டியிருக்கவில்லை. காவிரிப் பக்கத்து வளைவில் ஹாரன் கேட்டது.

முதலில் ஒன்று. அடுத்து இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. சேலம் வண்டியும், வழியில் சேர்ந்துகொண்டவையுமாக ஆறு லாரிகள். ஒவ்வொன்றின் ஹாரனும் ஒவ்வொரு மெட்டு. கோயில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கேட்டுவிட்டு, ஹாரனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்தார். இருபது முப்பது பேர் குதித்து இறங்கினார்கள். லுங்கியும் கலைந்த தலையுமாக, கையில் சீர்த்தட்டுகள். தட்டு கிடைக்காதவர்கள் வண்டியின் ரப்பர் மிதியடியைக் கழுவி அதன்மேல் ரோஜாவை வைத்திருந்தார்கள். நடுவில் தனபால்.

ஜெயப்பிரியா ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே, “ஏனுங்க, மூஞ்சியாவது கழுவுனீங்களா?” என்றாள்.

“மேட்டூர்ல கழுவுனேன்.”

“சோப்புப் போட்டா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கௌதமன் எதிரே போய் நின்றான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை. தனபால் கையிலிருந்த டிபன் தூக்கு மூடியை நீட்டினான். வெற்றிலை வாடிப்போயிருந்தது. “தட்டத் திருப்பிக் குடுக்கோணுமில்ல மாப்ள,” என்றான். கௌதமன் வாங்கிக்கொண்டான். அவன் சிரித்ததை அத்தை பார்த்தார். பார்க்காத மாதிரி சாம்பார் எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனார்.

10

இப்போது மணி எட்டு ஐம்பத்திரண்டு.

தனபால் மணைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மடியில் புதுத் துண்டு விரித்தாயிற்று. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். தோடு ஜெயப்பிரியாவின் உள்ளங்கையில்.

நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. எண்ணூறு பேரும் கவனிக்கவில்லை. தனபால் கடைசியாகப் பார்த்தபோது இனியாவுக்குப் பத்து மாதம். அவளுக்கு அவனைத் தெரியாது. எங்கே வண்டி, எங்கே வண்டி என்று இரண்டு நாளாகக் கேட்டவள், வண்டி வந்ததும் பார்த்தாள்: பெரிய உடம்பு, தாடி, சிவந்த கண். அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கௌதமன் அவளைத் தூக்கி மடியில் வைத்துவிடலாம். தூக்கக் குனிந்தான். தனபால்தான் வேண்டாம் என்று தலையசைத்தான். “அவளா வரட்டும் மாப்ள. கூப்பிட்டுத்தான் வரோணும்,” என்றான்.

 யாரோ ஒரு டிரைவரின் கைப்பேசி கூவியது. சாயிரா பானு. டிரைவர் அணைக்கும் முன்பே குரல் வந்துவிட்டது: “என்னாச்சு? யாராவது சொல்லுங்கப்பா.”  எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கும் அந்த மடிக்கும் நடுவே நான்கு அடி. குழந்தை அடிக்கு ஏழெட்டு இருக்கலாம். காலுக்குப் பின்னாலிருந்து அரை முகம் வெளியே வந்திருக்கிறது. தனபாலின் தாடியைப் பார்க்கிறாள். அவன் நெற்றியைப் பார்க்கிறாள். நெற்றியை இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கிறாள். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்து, உடனே…

இதற்குமேல் நான் எழுதினால் அவள் என் சொல்படி நடப்பாள். மூன்று வயதுக்காரியை அப்படி நடக்கவைக்க எனக்கு மனமில்லை. தனபால் கூப்பிட்டால் தாடிக்குப் பயந்து மறுபடி காலுக்குப் பின்னால் போய்விடுவாள். அவனால் கூப்பிட முடியாது. கௌதமனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. அத்தை சாம்பாரிடம் போயிருக்கிறார்.

எட்டு நிமிடம் இருக்கிறது. பயமில்லை, போதும். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், நீங்களும் இப்போது சொந்தம்தான். நீங்கள் கூப்பிடுங்கள்.

அவள் பெயர் இனியா. கொஞ்சம் மெதுவாக.